அப்பாவின் ஒற்றைக்கால் பயிற்சி

கிழக்கேகோட்டையில் பேருந்து கிளம்பியதும், என் முன்சீட்டில் கணுக்கால் கட்டோடு இருந்தவரிடம், கால்பந்து ஜெர்சியில் பக்கத்தில் நின்ற மகள் சொன்னாள்:

"அடிபடாம இருக்கதுக்குச் செய்யுத எக்ஸர்சைஸ்ல அடிபட்டது நீங்க மட்டுந்தான்ப்பா."

"ஒத்தக்கால்ல நிக்கது என்ன பெரிய காரியம்னு நெனச்சேன்."

"கோச் எங்களத்தானே நிக்கச் சொன்னாரு?"

"போன வருஷம் முட்டு திருகி நீ நாலு மாசம் கெடந்தேல்லா? இது நல்லதான்னு நான் செஞ்சு பாக்காண்டாமா?"

மகள் தன் பையை இறக்கி வைத்து, அவருடைய கட்டுப்போட்ட காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"அம்மாகிட்ட என்ன சொல்ல?"

"அப்பா மேட்ச் ஆடி விழுந்தாருன்னு சொல்லு. ரெண்டு கோல் அடிச்சாருன்னும் சொல்லு."

"ஒண்ணு போதும்ப்பா. ரெண்டுன்னா அம்மா நம்ப மாட்டா."