கரைக்கு வெச்ச கொழா

அங்க கால வெக்காதீங்க மேடம், பொதபொதன்னு உள்ள போயிடும். இப்பிடி வாங்க. அந்த எடம் எப்பவுமே ஈரந்தான். ஆனா ஒண்ணும் ஆவாது. ஈரம் வீணாப் போவுதேன்னுதான் வாழை வெச்சேன். ஒரு சொட்டு தண்ணி ஊத்தறதில்ல, பாருங்க, எப்பிடி தளதளன்னு நிக்கிது. ரெண்டு தாரு வெட்டியாச்சு. கரையில மரம் வெக்கக்கூடாதா? வாழை மரம் இல்லீங்களே மேடம், செடிதானே அது.

நான் தொரக்கண்ணு. இந்த ஏரியில படகு தள்றது, டிக்கெட் கிழிக்கறது, கரையப் பாத்துக்கறது எல்லாம் நாந்தான். மொதலாளி பாண்டுரங்கன் விழுப்புரத்துலேர்ந்து வந்துகினே இருக்காரு. விக்கிரவாண்டி டோல்கேட்ல மாட்டிக்கினாராம். இஞ்சினியரு நீங்க, கரை நல்லா இருக்குதுன்னு கையெழுத்து போட்டீங்கன்னா பொங்கலுக்கு படகு உடலாம். நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் நல்லபடியா காட்டி வெய்யின்னாரு. காட்டிக்கினுதான இருக்கேன்.

அய்ய, அது எலி வளை இல்ல மேடம். நண்டு வளை. எலி வளை அந்தாண்ட இருக்குது.

கலங்கலா? இருக்குதே. மிச்சத் தண்ணி வழிஞ்சி போறதுக்கு வழி இல்லாம ஏரி கட்டுவாங்களா? அதோ, பஜ்ஜிக் கடை தெரியுதில்ல, அதுக்கு அடியில. மூடலாம் இல்ல மேடம். கடை மேல ஒக்காந்திருக்குது, அவ்ளோதான். மழை வந்தா தள்ளி வெச்சிருவோம். போன மழைக்கா? அன்னிக்கு தள்ளல. எண்ணெ காஞ்சிகினு இருந்துது, எப்பிடித் தள்றது?

இங்க வாங்க, முக்கியமானதக் காட்டறேன். போன வருசம் ஒங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு சார் வந்தாரு. இதே எடத்துல குந்திப் பாத்தாரு. கரையில பைப்பிங் இருக்குதுய்யா, மொதலாளிகிட்ட ஒடனே சொல்லுன்னு சொல்லிட்டு பஸ் புடிக்கப் போயிட்டாரு. நானும் ஒடனே போன் அடிச்சேன். கரைக்கு பைப்பு வேணுமாம்னேன். மொதலாளியும் ஒடனே திண்டிவனத்துலேர்ந்து விருத்தாசலம்னு ஒரு பிளம்பரக் கூட்டியாந்து, கரைய நோண்டி, நாலு இஞ்சி பைப்ப இந்தாண்டலேர்ந்து அந்தாண்டக்கி சொருகிட்டாரு. அதுக்கு ஒரு கொழா. பித்தள. மண்ணுல நடந்துட்டு வர்ற சனங்க கால் கழுவிக்கினு போவாங்க.

இன்னா மேடம், தலைய புடிச்சிக்கினீங்க? வெயிலா?

பைப்பிங்னா பைப்பு இல்லியா? அப்பறம்? தண்ணி உள்ளுக்குள்ளயே மண்ண அரிச்சிக்கினு, தானா வழி பண்ணிக்கறதா? அதுக்கு எதுக்கு மேடம் பைப்புன்னு பேரு வெச்சீங்க? அரிப்புன்னு சொல்லியிருந்தா எனக்கே புரிஞ்சிருக்குமே. இன்னா பேஜாரு இது. மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னத்தான் திட்டுவாரு.

இல்ல, கொழாய தொறக்கவே வேணாம். மூடியேதான் இருக்குது. தண்ணி பைப்புக்குள்ள வரல, பைப்ப சுத்திக்கினு வருது. வாசர் போயிடுச்சோன்னு மாத்திப் பாத்தேன். மாத்தியும் வருது. மொதல்ல பளிங்கு மாதிரி வந்துது. ஒரு ரெண்டு வாரமா செம்மண் கரைச்ச மாதிரி வருது. கைய வெச்சிப் பாருங்க, நெருநெருன்னு மண்ணு தட்டும். மொதலாளிகிட்ட சொன்னேனே. சத்து உள்ள தண்ணிடா, வாழைக்கி நல்லதுன்னாரு.

போன் பண்ணணுமா? பண்ணுங்க. இங்க சிக்னல் கெடைக்காது, கரை மேல ஏறினாத்தான். இல்ல, வேணாம் மேடம், மேல ஏறாதீங்க. ரோட்டாண்ட போயி பண்ணுங்க.

கீழயா? எட்டு ஊடு இருக்குது. எல்லாம் மல்லாட்டை புடுங்க, களை எடுக்கப் போறவங்க. அவங்களுக்கு இன்னா பயம்? ஒரு பயமும் கெடையாது. மழை பேஞ்சா வெள்ளையம்மா சின்னம்மா மட்டும் முக்காடு போட்டுக்கினு வரும். இன்னாப்பா தொர, கரை எப்பிடி இருக்குதுன்னு கேக்கும். கல்லாட்டம் இருக்குது சின்னம்மா, போயி வேலையப் பாருன்னுவேன். நான் சொன்னா அதுக்கு நம்பிக்கை. போயி மத்தவங்களுக்கும் சொல்லிடும். முந்தாநேத்து கூட கேட்டுது. அப்பிடியேதான் சொன்னேன். வேற மாதிரி சொன்னா பொங்கலுக்கு எவன் வருவான்னு மொதலாளி கேக்கறாரு. அவரு கேக்கறதும் நாயந்தான?

ஒங்களுக்கு மொகமெல்லாம் வேர்த்துடுச்சி. டீ சாப்பிடறீங்களா? கடையிலதான் வாங்கியாரணும், ஊட்ல ஆளில்ல. எம் பொண்டாட்டி பொன்னியையும் புள்ளைங்களையும் கிளியனூர்ல எம் மச்சினி ஊட்டுக்கு அனுப்பி வெச்சிட்டேன். ராத்திரிக்கி நானும் அங்கதான் பஸ் ஏறிப் போயிடறேன். சண்டையா? சீச்சீ, எங்களுக்குள்ள சண்டையெல்லாம் இல்ல. இங்கேர்ந்தே தெரியும் பாருங்க எங்க ஊடு. கரைக்குக் கீழ மொத ஊடு, பச்ச கலரு. எட்டுல அது ஒண்ணுதான் பூட்டியிருக்குது.