பங்குக்கு நாள் பார்த்துக் கொடுத்தேன்

சீனி வருத்தம் பிடித்த பிறகு நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. பேத்தி பக்கத்தில் இருந்து கதைத்தால் போதும், தானாக இனிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

டூட்டிங்கில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வரிக் கணக்குக்கு வருகிற எங்கடை சனம், அந்தக் கையோடு கலியாணத்துக்கும் நாள் கேட்டுக்கொண்டு போகும். நோர்தேர்ன் லைன் நிலக்கீழ் ரயில் சாரதி ஒருவர் என்னிடம் ராகுகாலம் கேட்டுத்தான் ரயிலை எடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கட்டிவிட்டவன் நான்தான். எல்லாரும் நம்பினார்கள், என் மருமகன் கீர்த்தனனும்.

கீர்த்தனனுக்கு ஒரு சின்னக் கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை. பங்குகளைப் பழைய மலிவு விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சம்பளத்தோடு கொடுத்திருந்தார்கள். நல்ல பிள்ளை. குற்றம் ஒன்றுதான்: ரொறன்ரோவில் தனியே இருக்கும் தாயோடு போய் இருக்க ஆசைப்பட்டார். என் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு.

ஒருநாள் வந்து கேட்டார்: "மாமா, பங்கை இப்பவே வாங்கட்டோ? நாள் ஒண்டு பாத்துத் தாங்கோ."

உரிமையாக இருக்கும்வரை வரி இல்லை. பங்காக வாங்கிய அன்றே, இன்றைய விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசம் வருமானம், அதற்கு வரி. பங்குச் சந்தைக்கு வராத கம்பனி, விற்றுக் கட்டவும் ஏலாது. கம்பனி கைமாறும்வரை வாங்காமல் பொறுத்திருக்க வேண்டும். அது எனக்கு என் பெயரைப் போலத் தெரியும்.

நாள் பார்த்துக் கொடுத்தேன். வளர்பிறை, வியாழக்கிழமை.

ரொறன்ரோவுக்கென்று சேர்த்ததெல்லாம் வரியோடு போயிற்று. பிறகு கம்பனியும் மூடிற்று. அதற்கு நான் பொறுப்பில்லை. மூவரும் என் மேல்மாடிக்கு வந்தார்கள். மருமகன் பகலில் வேறொரு ஒபிசுக்குப் போகிறார், பின்னேரம் சாப்பாடு டெலிவரி செய்கிறார். தாய்க்கு இப்போது மிகவும் ஏலாது. கோடையைக் காணமாட்டா என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஒரு கிழமைக்காவது போய்வரக் கேட்டார். அட்டமச்சனி, கடல் தாண்ட ஆகாது என்றேன். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று என்ன நிச்சயம்?

இன்னொன்றும் இருக்கிறது. மூடிப்போன கம்பனியின் பங்கு நட்டத்தை வருமானத்தில் கழித்து, கட்டிய வரியில் பெரும்பங்கைத் திரும்பக் கேட்கலாம். இந்த ஜனவரி முப்பத்தொன்றோடு அந்தக் கதவு பூட்டப்படும். "ஏதும் வழி இருக்கோ மாமா?" என்று அவர் கேட்டதுண்டு. நான் பொய் சொல்லாதவன். "முருகனிட்டைக் கேளுங்கோ, தம்பி" என்றேன்.

போன ஞாயிறு, பொங்கல் கழிந்த கையோடு, மருமகன் சாப்பிட்டபடி சொன்னார்: "மாமா, மனோர் பார்க்கிலை லதீசன் எண்டு ஒரு அக்கவுண்டன் இருக்கிறாராம். ஒருக்கால் காட்டிப் பாப்பமோ?"

"நல்ல யோசனை."

"நாளைக்கே போகட்டோ?"

"அவசரப்பட்டுத்தானே முந்தியும் கெட்டது. ஒரு நாள் பாப்பம்."

"ஓம், அப்பா சொன்னால் கேளுங்கோ," என்றாள் மகள் ஜதுர்ஷிகா. "அப்பா பாத்த நாள் பிழைக்காது."

பஞ்சாங்கத்தை எடுத்தேன். பேத்தி மடியில் ஏறி இருந்து பக்கம் புரட்டினாள்.

"தைப்பூசம் கழியட்டும்," என்றேன். "பெப்ரவரி ரெண்டு, திங்கள். ராகுகாலம் முடியப் போங்கோ."

அவர் நன்றி சொன்னார். அன்றைக்குத் தேத்தண்ணி அப்படி இனித்தது.

நான் இதுவரை ஒருவருக்கும் கெட்ட நாள் குறித்துக் கொடுத்தவனில்லை. பெப்ரவரி இரண்டும் திறமான நாள்தான். வேண்டுமென்றால் நீங்களே பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.