வழிக்குக் கட்டின சாப்பாடு

— இல்லக்கா, மூணாம் ரூம் பொண்ணுக்கு வேண்டாம். சின்னவனுக்கு மட்டும் வழிக்கு ஏதாவது கட்டிக் குடுங்க. அங்கருந்து வண்டி கிளம்பிடுச்சாம்.

— எந்த வண்டி மேடம்? நாலு வயசுப் பிள்ளைய அம்மாகிட்டருந்து பிரிச்சு எங்க அனுப்புறீங்க?

— அம்மாவா? அந்தக் கூத்த ஏன் கேக்குறீங்க. காலையில டாக்டரம்மா வந்து எல்லாரையும் பாத்தாங்கல்ல? மூணாம் ரூம் பொண்ணு பிள்ளையே பெத்ததில்லையாம். உக்கார வச்சு உலுக்குனேன், கக்கிட்டா. அவன் அவளோட தம்பி.

— கக்கிட்டாளா மேடம்?

— என்னக்கா, கரண்டியக் கீழ போட்டுட்டீங்க?

— சோப்புக் கை மேடம், வழுக்கிடுச்சு. தம்பியா இருந்தா என்ன? குளிப்பாட்டுறது அவ, ஊட்டுறது அவ.

— இருக்கட்டுமே. தாயும் பிள்ளையும்னாதான் இந்தக் காப்பகத்துல ரூம். அக்கா தம்பிக்குக் கிடையாது. அவ பெண்கள் விடுதிக்கு, அவன் குழந்தைங்க இல்லத்துக்கு. ரூல்ஸ்னா ரூல்ஸ்.

— ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயா?

— எங்கக்கா! அவனோடது அடுத்த ஊரு. மாசத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்துக்கலாம்.

— ராத்திரி முழிச்சுக்கிட்டு அவளத் தேடுவான் மேடம். காதப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவான்.

— அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

— நான் ஸ்டோர் ரூம்லதானே படுக்குறேன். நடுவுல ஒரு சுவருதான். எல்லாம் கேக்கும். மேடம், ஒண்ணு சொல்லவா? அவன் எங்கூட அங்கயே படுத்துக்கட்டும். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்துல இடம் இருக்கு. நானே பாத்துக்குறேன்.

— நல்லா இருக்கே! போன சமையல்காரி இப்படித்தான் ஆரம்பிச்சா. அண்ணன் மக, அத்தை மகன்னு ஒரு பட்டாளத்தையே உள்ள அடைச்சு வச்சா. அதுக்கப்புறம்தானே, வேலை பாக்குறவங்களோட ஆளுங்க ஒருத்தருக்கும் இங்க இடமில்லன்னு ரூல்ஸ் போட்டது. மறந்துட்டீங்களா?

— மறக்கல மேடம். வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொன்னீங்க. தலைய ஆட்டிட்டுத்தான் உள்ள வந்தேன்.

— எனக்கு மட்டும் ஆசையாக்கா? பதினாலு வயசுல பெத்தவன்னு நம்பி, ஆண்டு விழாவுல அவ கதையச் சொல்லி நான் மைக்குலயே அழுதுட்டேன். நன்கொடை குடுக்க வந்திருந்த பெரிய மனுஷங்கல்லாம் மூக்க உறிஞ்சினாங்க. மாடியில போட்ட கட்டிலெல்லாம் அந்த அழுகையில வந்தது. இப்ப அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

— கேட்டேன் மேடம். டீ குடுத்துக்கிட்டு நின்னேன்ல. ஒருத்தர், ‘இதுங்களுக்கெல்லாம் அந்த வயசுலயே என்ன அவசரம்’னு சிரிச்சுக்கிட்டே சக்கரை கேட்டாரு. போட்டுக் கலக்கிக் குடுத்தேன்.

— அதுக்கு ஏன் என் மேல பாயுறீங்க?

— பாயலயே. நான் யாரு பாயுறதுக்கு?

— கோபம் வரணும்னா பெத்தவ மேல வரணும். ரெண்டையும் தெருவுல விட்டுட்டு எங்கயோ நிம்மதியா வேளாவேளைக்குத் தின்னுக்கிட்டு இருப்பா மகராசி.

— இருப்பா மேடம். பெரிய அண்டாவுலருந்து அள்ளி அள்ளித் தின்னுவா.

— இவளுக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடு!

— நல்லா வாய் நிறையத் திட்டுங்க. தப்பே இல்ல... மேடம், அவ இப்ப வந்து வாசல்ல நின்னான்னு வைங்க. என்ன செய்வீங்க?

— அவ எங்க வரப்போறா.

— ஒரு பேச்சுக்கு.

— பேச்சுக்குன்னா... போக்கிடம் இல்லாதவளா இருந்தா மூணு பேரையும் மூணாம் ரூம்லயே வச்சுக்கலாம். பெத்தவ முன்னால நிக்கிறப்ப பிள்ளையப் பிடுங்கி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல.

— அவ எங்கயாவது வேலை பாத்துக்கிட்டிருந்தா?

— வேலையும் படுக்க இடமும் இருக்கிறவளுக்கு நாம எதுக்கு? ஒண்ணுமத்தவளா இருக்கணும். அப்பதான் இங்க இடம்.

— அப்ப, உழைச்சுத் தின்னாப் பிள்ளைங்க கிடையாது. ஒண்ணுமத்து நின்னாப் பிள்ளைங்க உண்டு.

— ரூல்ஸ நானா எழுதுனேன்? ஐயோ, ஹாரன் அடிக்கிறான். கட்டிட்டீங்களா இல்லையா? என்னக்கா, நான் பாட்டுக்குக் கேக்குறேன், நீங்க ஏப்ரன அவுத்துக்கிட்டு நிக்கிறீங்க?

— இந்தாங்க, சமையல்கட்டு சாவி. ராத்திரிக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. இந்த நிமிஷத்துலருந்து எனக்கு வேலையும் இல்ல, படுக்க இடமும் இல்ல. அந்த வண்டியத் திருப்பி அனுப்புங்க மேடம், என் மகன நான் எங்கயும் அனுப்புறதா இல்ல.