ஆய்வு நாள் காய்ச்சலைத் தீர்த்து வைத்தவருக்கு

சிங்கம்புணரிச் சீமை ஈன்ற செம்மலே! சினந்தால் சுவர் அதிரவும், சிரித்தால் சத்துணவுக் கூடம் வரை கேட்கவும் குரல் வாய்த்த கோமானே! மணியடிக்கும் முன்பே வந்து, மணியடித்த பின்பும் போகாமல், எங்களையும் போகவிடாமல் வைத்திருந்த எங்கள் தலைமையாசிரியர் திரு. சேவுகப்பெருமாள் அவர்களே! ஆலங்கண்மாய் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒன்றுகூடி, நெஞ்சம் நெகிழ்ந்து, நெகிழ்ந்த நெஞ்சில் கொஞ்சம் நிம்மதியும் கலந்து, இம்மடலைத் தங்கள் கரங்களில் சேர்க்கிறோம்.

நாச்சியாபுரத்தில் வரலாறு கற்பித்து, கோவிலூரில் குடிமையியல் கற்பித்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் சுண்ணக்கட்டியும் சுடுசொல்லும் குறையாமல் தாங்கள் பணியாற்றிய பாங்கைப் பாடினால் பொழுது போதாது. பிழை பொறாத பேனா, கசங்கல் பொறாத சட்டை, காலதாமதம் பொறாத கடிகாரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் பணிநிறைவு பெறும் எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுகிறார்கள். தங்களுக்கு மட்டுமே எழுதக்கூடியது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தாங்கள் இங்கே வருவதற்கு முன்பிருந்தே நம் பள்ளியில் ஒரு காய்ச்சல் இருந்தது. மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்ற செய்தி வந்ததும் பரவும். அவர் வண்டி ஏறியதும் மருந்தில்லாமல் தணியும். மருத்துவ உலகம் அறியாத அந்தக் காய்ச்சல், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்தது. முந்தின நாள் மாலை, நெற்றியைத் தொட்டும் பாராமல், உனக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறதே, நாளை வீட்டில் இரு என்று வகுப்பாசிரியர் கனிவோடு சொல்வார். பிள்ளையும் புரிந்துகொண்டு தலையாட்டும். மறுநாள் நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் அமர, அதிகாரி அகமகிழ, பள்ளி நற்பெயர் பெற, ஆண்டுகள் ஓடின. வந்த புதிதில் தாங்களும் அந்த வழக்கத்தில் கை வைக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாவட்டத்தின் சிறந்த பள்ளிக்கான கேடயம் நமக்கே என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. ஆய்வு ஒன்றுதான் பாக்கி. ஆய்வு நாளன்று காலை, காய்ச்சல் பட்டியலில் இருந்த ஏழாம் வகுப்பு துர்காதேவி, சடையை மடித்துக் கட்டிக்கொண்டு, சீருடையில் தங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். கல்வியில் வேண்டிய மாற்றங்கள் குறித்து எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நாங்கள் உட்கார்ந்து, சில சமயம் உறங்கியும் இருக்கிறோம். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"எனக்குக் காச்சல் இல்ல சார். ஆபீசர் வர்ற அன்னைக்கும் எங்களைய வரச் சொல்லுங்க. எனக்கு வாசிக்க வராதுன்னு அவுகளுக்குத் தெரியட்டும். தெரிஞ்சாத்தான எனக்குச் சொல்லிக் குடுப்பீக."

கேடயம் கைநழுவிவிடும் என்று தங்களுக்கு நாங்கள் நினைவூட்டினோம். சற்று உரக்கவே நினைவூட்டினோம். தாங்களோ உடற்கல்வி ஆசிரியர் மாயக்கண்ணனை அழைத்து, வீடு வீடாகப் போய் காய்ச்சல்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டிவரச் சொன்னீர்கள். கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து சேர்ந்தார்கள். அதிகாரி கேட்டபோது துர்காதேவி எழுந்தாள், முதல் வரியை எழுத்துக் கூட்டினாள், பாதியில் நின்றுவிட்டாள். இந்தப் பிள்ளை வாசிப்பாள், இதுவரை நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எல்லோர் முன்னும் சொன்னீர்கள். கேடயம் வேறொரு பள்ளிக்குப் போனது. எங்களில் சிலர் ஒரு வாரம் தங்களோடு தேநீர் அருந்தவில்லை.

அதன்பின் பறிபோனது எங்கள் காலை நேரம். முதல் பாடவேளை முழுவதும் வாசிப்புக்கு என்று ஆணையிட்டீர்கள். கணிதமோ அறிவியலோ, யாராக இருந்தாலும் நான்கைந்து பிள்ளைகளோடு தரையில் அமர வேண்டும். துர்காதேவி இருந்த குழுவைத் தாங்களே எடுத்துக்கொண்டீர்கள். முழங்கால் வலியோடு தாழ்வாரத்தில் சம்மணமிட்டு அமர்ந்து, எழுந்திருக்கையில் தூணைப் பிடித்துக்கொண்ட தங்களைப் பார்த்த பிறகு முணுமுணுக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் காலை வணக்கத்தில், என்ன மாற வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டீர்கள். மதிப்பெண்ணை மட்டும் சொல்லாமல் தவறு எங்கே என்று காட்டுங்கள் என்றார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்றார்கள். விளையாட்டு வேளையைக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள் என்றார்கள். கணித ஆசிரியர் உதயகுமார் நெடுங்காலம் ஆண்டுவந்த அந்தக் குறுநிலம் ஒரே வெள்ளிக்கிழமையில் கைமாறியது. அவர் இன்னும் அதை மறக்கவில்லை. சுற்றுச்சுவரும் கேட்டார்கள். அது இன்னும் வரவில்லை. கேட்பதை அவர்களும் விடவில்லை. சென்ற ஆய்வுக்கு ஒரே ஒரு பிள்ளைதான் வரவில்லை. அவனுக்கு மெய்யாகவே அம்மை போட்டிருந்தது.

ஐயா! இனித் தங்கள் காலைப் பொழுது தங்களுடையது. துணைவியார் சீதை அம்மையாரோடு தோட்டத்துத் தென்னைக்கு நீர் பாய்ச்சி, சந்தையில் சலிக்காமல் பேரம் பேசி, முழங்கால் வலி நீங்கி, கண்ணொளி மங்காமல், பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் தேடி நெடுங்காலம் நலமாக வாழுங்கள். தங்களை நாங்கள் மிகவும் தேடுவோம்.

மடலைத் தமிழாசிரியர் வாசிப்பதே நம் பள்ளி மரபு. இம்முறை, இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் துர்காதேவி, தான்தான் வாசிப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கடினமான சொற்களைக் குறைத்துத் தருகிறேன் என்றார் தமிழாசிரியர் சித்ரா. அவள் ஒப்பவில்லை. "சாருக்கு எழுதுறதக் கொறைக்காதீக டீச்சர். பெருசாவே எழுதுங்க, நான் வாசிச்சிருவேன்" என்றாள். சிங்கம்புணரிச் சீமையில் தொடங்கி இந்த வரி வரை தாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அவள் குரல்.

இங்ஙனம்,
தங்களிடம் திட்டும் தேநீரும் வாங்கிக் குடித்த
ஆசிரியர்கள், அலுவலர்கள்,
அரசு உயர்நிலைப் பள்ளி, ஆலங்கண்மாய்.