கடைமடைக்குத் தண்ணீர்

காபிக்கு நன்றி, மனோஜ்குமார் சார். மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருமுனைக் கடைக் காபியும் இப்படித்தான் இருக்கும். இங்கே சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். உங்களுக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அப்படியானால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் ஜெயகிருஷ்ணன். வேலை, கால்வாயின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது. மைசூரில் ஓர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதுதான் அது. ஒவ்வொரு மதகையும் தாண்டியதும், தண்ணீருக்கு மேலாக ஒரு சென்சார் தொங்கும். மட்டம் ஏறினால் மதகு தானே மூடிக்கொள்ளும், இறங்கினால் தானே திறக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் திரையில் கோடு நேராகப் போகும். கோடு நேராக இருக்கிற நாளில்தான் எனக்குச் சாப்பாடு ருசிக்கும். என் மனைவி பிரதிபாவைக் கேளுங்கள், சொல்வாள்.

அந்தக் கோட்டைக் கெடுத்தவர் லிங்கம்மா. ஹனூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், மதகை ஒட்டி வீடு. ஊரில் மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கங்கைக்குப் படையலாகக் கால்வாயில் பாகினம் விடுவார்கள். இவர் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் விடுவார். மூங்கில் முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், தேங்காய், மேலே இன்னொரு முறத்தைக் கவிழ்த்து மூடி. அது மிதந்துபோய்ச் சென்சாருக்கு அடியில் இருக்கிற கம்பியில் சிக்கிக்கொள்ளும். சென்சாருக்கு முறம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. மட்டம் ஏறிவிட்டதென்று மதகை மூடிவிடும். கடைமடையில் நாற்று காயும், திட்டு எனக்கு விழும்.

நான் கோபக்காரன் இல்லை. நேரில் போய்ப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கங்கம்மாளுக்குக் குடுக்காம எப்படிங்க சாமி தண்ணி எடுக்கறது? உங்க மிசினுக்குஞ் சேத்துத்தானுங்க ரெண்டு பழம் வெச்சிருக்கறேன்" என்றார்.

எனக்கும் ஒரு பழம் கொடுத்தார். நன்றாக இருந்தது.

அன்று காலை மறுபடி வந்தார். கேமராவில் பார்த்தேன், கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மதகை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றினேன். திறக்கும் முன் சைரன் ஊதும், அதை அணைத்தேன். பிறகு முழுவதும் திறந்தேன். சிக்கிய முறத்தை அடித்துக்கொண்டு போக அவ்வளவு தண்ணீர் வேண்டியிருந்தது, அதுதான் காரணம்.

நான் திறப்பதற்கு முன்பே முறம் சென்சாரைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். ஆமாம், நானும் பார்த்தேன். அன்றைக்கு அது சிக்கவில்லை. ஆனால் அடுத்த தடவையும் வருவார் இல்லையா, சார். தண்ணீர் வருவதைப் பார்த்ததும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறினார். அடுத்த படிக்கு நான் நேரம் கொடுக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மதகை ஆட்டோவுக்கு மாற்றினேன். கோடு நேரானது. கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரே ஒரு வருத்தம். அடுத்த மதகிலும் அதே மாதிரிக் கம்பிதான். லிங்கம்மா அங்கே சிக்கிக்கொண்டார். மட்டம் ஏறிவிட்டதென்று அந்த மதகு மூடிக்கொண்டது. உங்கள் ஆட்கள் வந்து அவரைத் தூக்கும்வரை திறக்கவே இல்லை. அன்றைக்கும் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. அந்த விவசாயிகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.