கூடாரத்துக்கு உள்ளே

— முடிஞ்சிருச்சா? கை தட்டணுமா?

— முடிஞ்சிருச்சுக்கா. கையெல்லாம் நாளைக்குக் கச்சேரியில தட்டினா போதும். எப்படி இருந்துச்சுன்னு சொல்லு.

— என்னத்தச் சொல்ல? மாடு கறக்கிறவகிட்டப் போய் பியானோவைப் பத்திக் கேக்குற. நடுவுல கையைத் தூக்கிட்டுச் சும்மாவே உக்காந்திருந்தியே, மறந்துபோச்சோன்னு எனக்குப் பதறிருச்சு.

— மறக்கலக்கா. அதாவது, அங்க மௌனம். அப்படித்தான் எழுதியிருக்கேன்.

— என்னமோ போ. இந்தா, பூர்சோக் சாப்பிடு, காலைலதான் மாவு பிசைஞ்சு பொரிச்சேன். இதுக்குப் பேரு என்ன வச்சிருக்க?

— "உள்ளே".

— உள்ளேன்னா எதுக்குள்ள? இந்தத் தாள்ல என்னமோ அச்சடிச்சிருக்கியே, அதைப் படி. கண்ணாடி கொண்டுவரல.

— அது வேண்டாம்க்கா.

— படிடா திலெக். நம்ம ஊரு நரின்லேருந்து இந்தப் பட்டணத்துக்கு ஆறு மணி நேரம் வேன்ல குலுங்கி வந்திருக்கேன்.

— "அம்மா இறந்த பிறகு எட்டு மாதம் தனியே இருந்து, என் மனத்தின் குரலை மட்டும் கேட்டு எழுதியது. அம்மாவுக்குச் சமர்ப்பணம்."

— நல்லாத்தானே இருக்கு. அதுக்கு ஏன் உன் காதெல்லாம் செவந்துபோச்சு?

— அது பொய்க்கா.

— எது, எட்டு மாசமா?

— என் மனசோட குரல்ங்கிறது. இரு, வலது கையை மட்டும் மெதுவா வாசிக்கிறேன். யாரோட குரல்னு பாரு... கேட்டியாக்கா?

— இன்னொரு தடவை வாசி.

— ம்... தெரியுதா?

— இது என் ஒப்பாரி. அம்மாவுக்கு நான் சொன்னது.

— ஆமாக்கா.

— உனக்கு எப்படித் தெரியும்? அம்மாவைக் கிடத்தியிருந்த கூடாரத்துக்குள்ள பொம்பளைங்கதான் இருந்தோம். நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்திருந்தேன். நம்ம வழக்கப்படி ஆம்பளைங்க எல்லாம் வெளிய. நீயும் இடுப்புல துணியைக் கட்டி, கம்பை ஊனிக்கிட்டு வெளியதான் நின்ன.

— போனைக் கூடாரத்தோட கம்பளிச் சுவத்துக்கு அடியில, வெளியேருந்து சொருகி வச்சேன். நீ இருந்த பக்கமா. ரெண்டாம் நாள் காலைல.

— செத்தவளுக்குச் சொல்றதைப் பதிவு பண்ணியா?

— பண்ணினேன். திட்டுக்கா, திட்டிரு.

— எதுக்குடா உனக்கு அது?

— எனக்கு அழுகையே வரலக்கா. வெளிய நின்னு சத்தம்தான் போட்டேன், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அப்புறம் இங்க வந்து, அதாவது, மாசக்கணக்கா பியானோ முன்னால உக்காந்தேன். ஒண்ணும் வரல. உன் குரலைப் போட்டுப் போட்டுக் கேட்டு, அப்படியே ஸ்வரம் ஸ்வரமா இறக்கினேன். மௌனம்னு பெருமையாச் சொன்னேனே, அது நீ மூச்சு வாங்கின இடம். வெக்கமா இருக்குக்கா. உன் முகத்தைப் பாக்க முடியல.

— பாக்காத. ஒப்பாரி என்ன கல்யாணப் பாட்டா? அன்னைக்கு வரும், அன்னைக்கே போயிரும். என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னாலும் சொல்ல மாட்டேன்.

— தெரியும். அதனாலதான் உன்னை ஒரு நாள் முந்தியே வரச் சொன்னேன். நீ வேண்டாம்னா நாளைக்கு இதை வாசிக்கல.

— நல்லாச் சொன்ன போ, சித்தி வீட்டு ஆளுக பூரா வேன் பிடிச்சு வராங்க.

— வரட்டும். பழசு எதையாவது வாசிச்சுட்டுப் போறேன்.

— இரு, இரு. கடைசியில மேல போய், டக்கு டக்குன்னு உடையுற மாதிரி வாசிச்சியே, அது என்ன?

— அதுதான்க்கா இதோட உயிரு. உன் குரல் அங்க மூணு தடவை உடையுது. ஒத்திகையில என் வாத்தியார் அந்த இடத்துல கண்ணைத் துடைச்சாரு. அப்படி ஒரு துக்கத்தை நான் எங்கயுமே கேட்டதில்ல.

— அதை எடுத்துரு.

— அதை மட்டுமா? மத்தது இருக்கலாமா?

— மத்தது அம்மாவுக்குத்தானே, இருந்துட்டுப் போகட்டும். அதை மட்டும் எடுத்துரு தம்பி. கெஞ்சிக் கேக்குறேன்.

— அதை எடுத்தா இதுல ஒண்ணுமே மிஞ்சாதுக்கா. நான்தானே வெக்கப்படணும், நீ எதுக்கு முகத்தை மூடிக்கிற?

— ஆண்டவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்னு இருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த சித்திகூட என் முதுகைத் தடவிக் குடுத்தா, பாவம்.

— என்னக்கா சொல்ற?

— மூணு வருஷம் அம்மாவைப் புரட்டிப் போட்டுத் துடைச்சு விட்டேன். நீ ஒரு தடவை வந்தியா?

— வரல.

— கேட்டா, கச்சேரி இருக்கும்ப. அன்னைக்குக் காலைல வெளிய ஒருத்தன், ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி "ஐயோ என் அம்மா"ன்னு அலறினான். யாருடா இவ்வளவு பாசக்காரன்னு காதைத் தீட்டிக் கேட்டா, உன் குரல்.

— அக்கா, போதும்...

— என் குரல் மூணு தடவை உடைஞ்சது அழுகை இல்லடா. அம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டே உன்னை நெனச்சுச் சிரிச்சுட்டேன்.