ஆராதனை முடிந்த பின் தேத்தண்ணி

பருத்தித்துறை பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். யன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னார்: "நான் இப்ப சேர்ச்சுக்குப் போறேல்லை. ஆராதனை முடிய அங்கை குடுக்கிற தேத்தண்ணிக்கு மட்டும் போறன்."

மற்றவர் சிரித்துவிட்டார். "ஏனக்கா, வீட்டிலை தேயிலை இல்லையோ?"

"தேயிலை இருக்கு. கதைக்க ஆர் இருக்கினம்? என்ரை மனிசன்ரை செத்தவீட்டிலை போதகர் 'தேவசித்தம்' எண்டார். அதுக்குப் பிறகு எனக்குச் செபிக்க வாய் வரேல்லை."

"அங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

"ஒருத்தருக்கும் தெரியாதெண்டுதான் நினைச்சிருந்தன். சனம் வெளியிலை வரேக்கை பின்பக்கத்தாலை போய்ச் சேந்திடுவன். போன ஞாயிறு பஸ் பிந்திப்போச்சு. நான் போக எல்லாரும் போயிட்டினம், மேசையும் துடைச்சாச்சு. ஒரு கோப்பை மட்டும் மூடி வைச்சிருந்தது. குடிச்சுப் பாத்தன். சீனி போடேல்லை. அங்கை சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவள் நான் ஒருத்திதான்."